வயதின் மீது பழி போடும் முன் மாத்திரைகளைப் பாருங்கள்

வணக்கம். மும்பை செம்பூரிலிருந்து பேசுகிறேன். வீட்டில் வயதானவர்கள் இருக்கிறவர்கள் தயவுசெய்து கடைசி வரை கேளுங்கள். பெரியவர்களுக்குப் புதிதாகக் கால் வீங்குகிறது, தலை சுற்றுகிறது, மறதி வருகிறது என்றால், "வயதானால் அப்படித்தான்" என்று சொல்லிவிடுகிறோம். அந்தப் பேச்சு எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. முதலில் கேட்க வேண்டியது, இது மாத்திரையின் வேலையா என்பதைத்தான்.

ஓர் உதாரணம். இந்த அட்டையைக் கேமராவுக்கு அருகில் காட்டுகிறேன். அம்லோடிபின், ரத்த அழுத்தத்துக்கு நம் வீடுகளில் சாதாரணமாகப் புழங்கும் நல்ல மருந்து. சிலருக்கு இதனால் கணுக்கால் வீங்கும். வீக்கத்தைப் புதிய நோய் என்று நினைத்தால், நீர் பிரிவதற்கு இன்னொரு மாத்திரை சேர்கிறது. அதனால் உடம்பில் பொட்டாசியம் குறையலாம். இரவில் அடிக்கடி எழுந்து போக வேண்டியிருக்கும். அரைத் தூக்கத்தில், இருட்டில் எழுந்து நடக்கும்போது விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் அந்தக் குடும்பத்தின் நிலைமை என்ன? இப்படி ஒரு மருந்து அடுத்த மருந்தை இழுத்து வரும் தொடரைப் பற்றி பவுலா ரோச்சன், ஜெர்ரி குர்விட்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1990களிலேயே எழுதிவிட்டார்கள். கனடாவின் ஒன்டாரியோவில் 66 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வும், அம்லோடிபின் வகை மருந்தைத் தொடங்கியவர்களுக்கு நீர் மாத்திரை கூடுதலாக எழுதப்படுவதைக் காட்டியது.

முதியவர்களின் உடம்பு மருந்தைக் கையாளும் விதமே வேறு. சிறுநீரகம் மெதுவாகத்தான் மருந்தை வெளியேற்றும். சிறுநீரகத்தின் நிலையை அறிய ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற, தசையிலிருந்து வரும் கழிவை அளப்பார்கள். தசை குறைந்துவிடுவதால் அந்த அளவு சரியாக இருப்பதுபோலத் தெரியும், உள்ளே சிறுநீரகம் தளர்ந்திருக்கும். கொழுப்பின் விகிதம் கூடுவதால் பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கும் டயசிபாம் போன்றவை நாள்கணக்கில் உடம்பில் தங்கும்.

1991இல் மார்க் பியர்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர், முதியோர் இல்லங்களில் இருப்பவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளை ஒரு பட்டியலாக வெளியிட்டார். அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் அதை 2023இலும் புதுப்பித்தது. அதில் இருப்பவற்றில் பல நமக்குப் பழக்கமானவை. சளி மாத்திரைகளில் கலந்திருக்கும் குளோர்பெனிரமின் முதியவர்களுக்குக் குழப்பத்தையும் சிறுநீர் அடைப்பையும் உண்டாக்கலாம். தூக்கத்துக்காகச் சாப்பிடும் அல்பிரசோலம் விழ வைக்கலாம். சர்க்கரை நோய்க்குச் சாப்பிடும் கிளிபென்கிளமைடு ரத்தச் சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடலாம். பட்டியலில் இருப்பதாலேயே ஒரு மருந்து தடை செய்யப்பட்டதாகிவிடாது. எடுத்துக்கொள்பவரின் நிலையைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார்.

அதனால் இந்த வீடியோவைப் பார்த்துவிட்டு எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். தூக்க மாத்திரையையும் சில இதய மாத்திரைகளையும் திடீரென்று நிறுத்துவது பெரிய ஆபத்து.

நம் மும்பைத் தமிழ்க் குடும்பங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. சர்க்கரைக்குச் செம்பூரில் ஒரு மருத்துவர், முழங்காலுக்கு சயானில் இன்னொருவர். கோடை விடுமுறையில் திருநெல்வேலிக்குப் போனால் அங்கே ஒருவர் எழுதிக் கொடுத்தது. போதாததற்குத் தெரு முனை மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை. ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. பெயர் வேறாக இருக்கும், உள்ளே இருப்பது ஒரே பாராசிட்டமாலாக இருக்கும். டைக்ளோபெனாக் போன்ற வலி மாத்திரைகள் ரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். அதைச் சாப்பிட்டுக்கொண்டே அழுத்தத்துக்கு மருந்தைக் கூட்டிக்கொண்டு போவது என்ன நியாயம்?

ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்யுங்கள். அலமாரி, கைப்பை, தலையணை அடி என்று தேடி எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போடுங்கள். லேகியம், சூரணம், கண் சொட்டு மருந்து, எதையும் விடாதீர்கள். பையோடு ஒரே மருத்துவரிடம் போய், "இதில் இப்போதும் தேவைப்படுவது எது, குறைக்கக்கூடியது எது?" என்று கேளுங்கள். அப்பாவையோ அம்மாவையோ தனியாக அனுப்பாமல் கூடவே போங்கள்.

மருந்தால் பக்கவிளைவு வந்ததாகச் சந்தேகம் இருந்தால், இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு நாமே தெரிவிக்கலாம். 2010இல் தொடங்கிய திட்டம் அது. கட்டணமில்லாத எண் 1800-180-3024. மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வுகளில் பல நோய்கள் உள்ள முதியவர்களைப் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. அவர்களுக்கு மருந்து என்ன செய்கிறது என்பது இப்படி வரும் தகவல்களிலிருந்துதான் பெரிதும் தெரியவரும். எண்ணைத் திரையில் போட்டிருக்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.