அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் நீலக்கண், பிள்ளைக்கு மட்டும் பழுப்புக்கண்: நடக்குமா?

[திரையில்: நீலக்கண், மிக நெருக்கத்தில்]

அப்பாவுக்கு நீலக்கண். அம்மாவுக்கும் நீலக்கண். பொறந்த பிள்ளைக்குப் பழுப்புக்கண். "வாய்ப்பே இல்ல"ன்னு பழைய பாடப்புத்தகம் அடிச்சுச் சொல்லும். அதை நம்பி ஒரு தாயைச் சந்தேகப்பட்டா அது பெரிய அநியாயம். ஏன்னா, பாடம் தப்பு. அபூர்வம்தான், ஆனா நடக்கும்.

பழுப்பு ஓங்குபண்பு, நீலம் ஒடுங்குபண்பு; அதாவது, ஒரு பக்கத்துல இருந்து பழுப்பு வந்தாலே கண் பழுப்பு, ரெண்டு பக்கமும் நீலம் வந்தாத்தான் நீலம். இந்தக் கணக்கு 1907ல அமெரிக்காவுல டேவன்போர்ட் தம்பதி எழுதினது. ஒரே ஒரு மரபணு எல்லாத்தையும் முடிவு பண்ணுதுன்னு அதுக்கு அர்த்தம். 2021ல வந்த ஆய்வு, கண் நிறத்தோட சம்பந்தப்பட்ட 61 மரபணுப் பகுதிகளைக் காட்டுச்சு. அதுல 50 புதுசு. இத்தனையும் கிடைச்சது தன்னார்வலர்களாலதான். தங்களோட டிஎன்ஏவையும் கண் நிறத்தையும் ஆராய்ச்சிக்குக் கொடுத்த ஐரோப்பிய வம்சாவளியினர் மட்டும் 1,92,986 பேர்.

[திரையில்: தூரத்து மலைத்தொடர்]

முதல்ல ஒண்ணு. நீலக்கண்ணுல நீலச் சாயமே கிடையாது. தூரத்துல இருந்து பாத்தா மலை நீலமா நிக்கும், கிட்டப் போனா பச்சையும் பாறையும்தான். நடுவுல இருக்குற காத்து நீல ஒளியை அதிகமாச் சிதறடிக்குது, பின்னால மலை இருட்டா இருக்கு, அதனால நீலம். கண்ணுலயும் இதே கதைதான். கண்பாப்பாவைச் சுத்தியிருக்குற நிற வளையம்தான் ஐரிஸ். அதோட பின்பக்கம் மெலனின்ங்கிற நிறமியால கருப்பா ஒரு அடுக்கு, பிறவியிலேயே நிறமி குறைஞ்ச அல்பினிசம் உள்ளவங்களைத் தவிர எல்லாருக்கும் உண்டு. முன்னடுக்குல மெலனின் நிறைய இருந்தா பழுப்பு. ரொம்பக் குறைஞ்சா ஒளி சிதறி நீலம்.

முன்னடுக்குல எவ்வளவு மெலனின்ங்கிறதுல பெரிய பங்கு 15வது குரோமோசோமுக்கு. அங்க ஓசிஏ2ன்னு ஒரு மரபணு. அதோட ஸ்விட்ச் அதுக்குள்ள இல்ல, பக்கத்துல இருக்குற ஹெர்க்2 மரபணுவுக்குள்ள இருக்கு. நம்ம வீட்டு விளக்குக்குப் பக்கத்து வீட்டுச் சுவத்துல ஸ்விட்ச் வச்ச மாதிரி! கோபன்ஹேகன், பிரிஸ்பேன், ராட்டர்டாம்னு மூணு ஊர் ஆய்வாளர்களும் 2008ல இதைச் சொன்னாங்க. ஸ்விட்சோட பேரு ஆர்எஸ்12913832. டிஎன்ஏ ஏ, டி, ஜி, சின்னு நாலு எழுத்துல எழுதினது. அந்த இடத்துல ஏ இருந்தா மூணு புரதங்கள் வந்து ஒட்டும், டிஎன்ஏ வளைஞ்சு சுமார் 21,000 எழுத்து தள்ளியிருக்குற ஓசிஏ2வைத் தொடும், மெலனின் வேலை ஓடும். ஜி இருந்தா ஒட்டுறது குறையும். அப்பா, அம்மாகிட்ட இருந்து வந்த ரெண்டு பிரதியிலயும் ஜி இருந்தா பெரும்பாலும் நீலம்.

இப்போ அந்தப் பிள்ளை கதைக்கு வாங்க. அம்மாகிட்ட ஒரு ஏ இருக்குன்னு வச்சுக்கோங்க. ஆனா வேற குரோமோசோம்கள்ல இருக்குற மாற்றங்கள் அவங்க நிறத்தைக் குறைச்சு நீலமாக்கிடுச்சு. பிள்ளைக்கு அந்த ஏ வந்து, குறைக்கிற மாற்றங்கள் வரலைன்னா? பழுப்புக்கண்!

[திரையில்: நாலு பத்தி உரைக்கோப்பு]

எச்சிலை வச்சு டிஎன்ஏ சோதனை பண்றவங்க தர்ற கோப்பு கையில இருந்தா நீங்களே பாக்கலாம். இனிமேதான் சோதனைன்னா, எச்சில் கொடுக்குறதுக்கு 30 நிமிஷம் முன்னாடியே சாப்பாடு, தண்ணி, சிகரெட் எல்லாம் நிறுத்துங்க. குழாய்ல கோடு வரைக்கும், சுமார் 2 மில்லி, நுரை சேர்க்காம வேணும். நுரையைக் கணக்குல எடுத்துட்டா டிஎன்ஏ பத்தாம ஆய்வகம் திருப்பி அனுப்பும்.

கோப்புல பொதுவா நாலு பத்தி (நெடுவரிசை): குறியீடு, குரோமோசோம், இடம், எழுத்துகள். ஆர்எஸ்12913832ன்னு தேடுங்க. இடம் 28365618ன்னு இருந்தா மரபணு வரைபடத்தோட 37வது பதிப்பு. 28120472ன்னு இருந்தா 38வது பதிப்பு. ரெண்டும் ஒரே இடம்தான், பயப்படாதீங்க. எழுத்துக்குப் பதிலா ரெண்டு கோடு இருந்தா சோதனை அங்க படிக்கலைன்னு அர்த்தம்.

இப்போதான் எல்லாரும் வழுக்குற இடம். டிஎன்ஏவுக்கு ரெண்டு இழை. ஏக்கு எதிர்ல டி, ஜிக்கு எதிர்ல சி. சில கோப்பு எதிர் இழையைப் படிக்கும். ஹெர்க்2 ஸ்விட்ச்ல ஏ, ஜிக்குப் பதிலா டி, சி வந்தா உடனே பிடிச்சிடலாம்: டின்னா ஏ, சின்னா ஜி. ஆனா கண் நிறக் கணிப்புக்குப் பயன்படுற ஐரிஸ்பிளெக்ஸ்ங்கிற ஆறு குறிகள்ல ஆர்எஸ்16891982ன்னு ஒண்ணு இருக்கு. அங்க வர்ற எழுத்தே சியும் ஜியும்தான். இழை புரண்டா சி ஜியாகும், ஜி சியாகும், பாக்க ஒரு மாத்தமும் தெரியாது! பல தளங்கள்ல இருந்து கோப்புகளைச் சேர்க்குற தன்னார்வத் திட்டம் இங்க சத்தமே இல்லாம கவிழும். வழி என்னன்னா, ஒவ்வொரு மூலத்தையும் தனியா எடுத்து எண்ணுங்க. ஐரோப்பியர்கள்கிட்ட ஜிதான் மிகப் பெரும்பான்மை. ஐரோப்பியத் தொகுப்புல சி ஓங்கி நின்னா அந்தத் தொகுப்பு புரண்டிருக்கு, திருப்பிப் போடுங்க. தென்னிந்தியத் தொகுப்புல சி அதிகமா வரும், அதைப் பாத்து அவசரப்பட்டு திருப்பிடாதீங்க.

டிஎன்ஏவை விட மோசமா இருக்குறது நிறப் பதிவு. டிஎன்ஏ கோப்பைப் பொதுவுல பகிர்றதுக்குன்னு 2011ல தொடங்கின ஓப்பன்எஸ்என்பி தளத்துல தன்னார்வலர்கள் கண் நிறத்தைத் தங்களோட சொந்த வார்த்தையில எழுதினாங்க. பழுப்பு, இளம்பழுப்பு, நீலப்பச்சை, பழுப்பும் பச்சையும் கலந்த ஹேசல்... ஒருத்தரோட ஹேசல் இன்னொருத்தருக்குப் பச்சை. வார்த்தையை விட படம் மேல்.

ஜன்னல் பக்கம், நேர் வெயில் படாம நில்லுங்க. பிளாஷ் வேண்டாம், அழகூட்டும் வடிகட்டி வேண்டாம், கான்டாக்ட் லென்ஸைக் கழட்டுங்க. கண்ணுக்குக் கீழ வெள்ளைத் தாள் ஒண்ணு படத்துல தெரியட்டும், நிறத்தைச் சரிபண்ண அதுதான் அளவுகோல். மங்கலான வெளிச்சத்துல கண்பாப்பா விரியும், ஐரிஸ் சுருங்கி இருட்டாத் தெரியும். ரெண்டு கண்ணையும் தனித்தனியா எடுங்க. கிளாக்கோமாங்கிற கண் அழுத்த நோய்க்கு லாட்டனோபிராஸ்ட் சொட்டுமருந்து போடுறவங்க அதைக் கட்டாயம் குறிப்பிடுங்க, அது ஐரிஸைக் கருக்க வைக்கும். கைக்குழந்தைகளைச் சேர்க்காதீங்க, நிறம் மாறும்.

ஒரு எச்சரிக்கை: உங்க டிஎன்ஏ உங்களோடது மட்டும் இல்ல, உடன்பிறந்தவங்களோடதும்தான். ஓப்பன்எஸ்என்பியை 2025 ஏப்ரல் 30ல மூடி, தரவை அழிச்சாங்க. ஆனா அதுக்கு முன்னாடி யாரோ இறக்கிவச்ச பிரதியைத் திரும்ப வாங்க முடியாது. வீட்டுல கேட்டுட்டுக் கொடுங்க.

இவ்வளவு ஏன் சொல்றேன்னா, அந்த 2021 ஆய்வுல ஆசியர்கள் வெறும் 1,636 பேர். ஒரு ஆசியருக்கு 118 ஐரோப்பியர்! நம்ம ஊர்ல கிட்டத்தட்ட எல்லாருக்கும் பழுப்புதான்னு ஒதுக்கிட முடியாது. தேன் நிறம், காப்பி நிறம், கருங்கண், எங்கயோ ஒரு பூனைக்கண். இந்தப் பழுப்புகளுக்கு நடுவுல இருக்குற வித்தியாசத்துக்கும் மரபணுக் காரணம் உண்டுன்னு அதே ஆய்வுல தெரிஞ்சுது.

இன்னைக்கே ஜன்னல்கிட்ட போய், வெள்ளைத் தாளோட ஒரு படம் எடுங்க. கண்பாப்பாவை ஒட்டின உள்வளையமும் வெளிஓரமும் ஒரே நிறமான்னு பாத்து, கீழ எழுதுங்க.