யானைக் கூட்டத்துக்குள் வெளிச்சம் நுழையும் இடம்

வணக்கம். இன்றைக்குப் பயணம் எதுவும் இல்லை. ஒரே ஒரு படத்தைத் திரையில் வைத்துக்கொண்டு பேசப்போகிறேன். தாய் யானையின் முன்னங்கால்களுக்கு நடுவே இருந்து ஒரு கன்று எட்டிப் பார்க்கிறதே, இந்தப் படம்தான். இதை எப்படி எடுத்தேன், அப்புறம் எப்படி வெட்டிச் சரிசெய்தேன் என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள்.

முதலில் கேமராவிலிருந்து வந்த மூலப் படத்தைப் பாருங்கள். எவ்வளவு நெரிசல்! இடது ஓரத்தில் இன்னொரு யானையின் பின்பக்கம் பாதியில் நறுக்கப்பட்டு நிற்கிறது. வலது மேல்மூலையில் இலைகளுக்கு நடுவே வெளிறிப்போன வானம். கன்று நடுவில் எங்கேயோ இருக்கிறது. இதற்கு முன்னால் எடுத்தவற்றை வேகமாக ஓட்டிக் காட்டுகிறேன், அவை இதைவிட மோசம். நேரில் நின்றது ஐந்து யானைகள். படத்தில் இருப்பது ஒரே பாறை.

யானையைப் படம் எடுப்பதில் உள்ள பெரிய சிக்கலே இதுதான். புலிக்கு வரி இருக்கிறது, புள்ளிமானுக்குப் புள்ளி இருக்கிறது, யானைக்கு அப்படி எதுவும் கிடையாது. எந்த மண்ணில் புரளுகிறதோ அந்த மண்ணின் நிறம். கூட்டமாக இருந்தால் ஒன்றையொன்று உரசிக்கொண்டே நிற்கும். நேரில் பார்க்கும்போது நமக்கு இரண்டு கண் இருப்பதால் எது முன்னால், எது பின்னால் என்று புரிந்துவிடும். கேமராவுக்கு ஒற்றைக் கண். தூரத்தில் நின்று, தொலைவில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும் டெலி லென்ஸில் எடுத்தால் பின்னால் இருப்பது முன்னால் வந்து ஒட்டிக்கொண்டதுபோலத் தெரியும்.

அதனால் வியூஃபைண்டரில் நான் முதலில் தேடுவது இடைவெளியைத்தான். துதிக்கைக்கும் முன்காலுக்கும் நடுவில் கொஞ்சம். காது விளிம்புக்கும் பின்னால் நிற்கும் யானையின் வயிற்றுக்கும் நடுவில் கொஞ்சம். ஒரு விரற்கடை வெளிச்சம் போதும், இரண்டு யானை இரண்டாகப் பிரிந்துவிடும். நடந்துபோகும் யானை என்றால், நான்கு காலும் தனித்தனியாகத் தெரியும் கணம் வரும்வரை காத்திருப்பேன். ஒரு கால் இன்னொன்றை மறைத்தால் இவ்வளவு பெரிய உடம்பு இரண்டு தூண்மேல் நிற்பதுபோல ஆகிவிடும்.

சரி, இந்தப் படத்துக்கு வருகிறேன். வண்டியின் எஞ்சினை அணைத்துவிட்டு ஏறக்குறைய நாற்பது நிமிடம் காத்திருந்தோம். கேமரா ஜன்னல் விளிம்பில், மணல் பைமேல். அந்த உயரம் எனக்கு வசதி. எழுந்து நின்று மேலிருந்து எடுத்தால் யானை சிறுத்துப்போகும், கன்று புல்லுக்குள் புதைந்துபோகும். ஒரு வயது நிரம்பாத கன்று தாயின் வயிற்றுக்கு அடியிலேயே நின்றுவிடும் அளவுக்குச் சிறியது. இதுவும் அங்கேதான் நின்றது. ஆனால் தாயின் கால்கள் அதை மறைத்துக்கொண்டே இருந்தன.

அப்போதுதான் தாய் புல் மேயும் விதத்தைக் கவனித்தேன். துதிக்கையால் ஒரு கொத்தைச் சுற்றிப் பிடிக்கிறது. முன்காலை நீட்டி வேர்ப்பக்கம் ஒரு தட்டு. பிடுங்கிய கொத்தைத் தன் காலிலேயே அடித்து மண்ணை உதறுகிறது. அப்புறம் வாய்க்குப் போகிறது. மறுபடியும் அடுத்த கொத்து, அதே வரிசை. அந்தத் தட்டுக்காகக் கால் முன்னால் போகும் ஒவ்வொரு தடவையும் கால்களுக்கு நடுவே முக்கோணமாக ஒரு வழி திறக்கிறது, உடனே மூடிக்கொள்கிறது. தாளம் பிடிபட்டதும் விரலைத் தயாராக வைத்துக்கொண்டேன். ஷட்டர் வேகம் 1/800 நொடி, லென்ஸ் திறப்பு எஃப் 8. மூன்று தடவை கன்று தலையைத் திருப்பிக்கொண்டது. நான்காவது தடவை இங்கே பார்த்தது.

கைக்குப் பழகவேண்டிய ஒன்றிரண்டு விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். பாதத்தையும் துதிக்கை நுனியையும் வெட்டாதீர்கள். பாதம் மண்ணில் ஊன்றியிருப்பது தெரிந்தால்தான் எடை தெரியும். முழு உருவம் வேண்டாம் என்றால் தைரியமாக லென்ஸை நீட்டி, கண்ணையும் அதைச் சுற்றிய சுருக்கங்களையும் மட்டும் எடுங்கள். இரண்டுக்கும் நடுவில், முட்டியோடு வெட்டுவதுதான் கெடுக்கிறது. ஆசிய யானைக்கு இரட்டை மேடாக உயர்ந்த மத்தகம்தான் உச்சி, அதற்கு மேலே கொஞ்சம் காற்று விடுங்கள். ஆப்பிரிக்க யானைக்கு முதுகு நடுவில் குழிந்திருக்கும், காது மிகப் பெரிது, அதனால் பக்கவாட்டில் இடம் அதிகம் வேண்டும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவைப் பொறுத்தவரை, கறுத்த உடம்பு ஃபிரேமை நிறைத்தால் கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டிவிடும். முக்கால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) அளவுக்குக் குறைத்துக்கொள்வேன்.

ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். காதை அகல விரித்து, தலையை நிமிர்த்தி, நம்மை நேராகப் பார்க்கும் யானை படத்துக்குப் பிரமாதமாக இருக்கும். ஆனால் பெரும்பாலும் அது, நாம் அதன் இடத்துக்குள் போய்விட்டோம் என்ற எச்சரிக்கை. அந்த நேரத்தில் கேமராவைக் கீழே வைத்துவிட்டு விலகிப் போகவேண்டும். கன்னத்தில் மதநீர் வழிந்த கறை தெரியும் ஆண் யானையாக இருந்தால் இன்னும் அதிக தூரம். விசிலடித்தோ கதவைத் தட்டியோ தலையைத் திரும்பவைத்து எடுத்த படத்தை நான் படமாகவே மதிப்பதில்லை.

இப்போது க்ராப். முதலில் நாலுக்கு ஐந்து என்ற பக்க விகிதத்தில் இறுக்கமாக வெட்டினேன். கன்றின் முகம் பெரிதாக வந்தது, தாயின் பாதங்கள் போய்விட்டன. பார்த்தால் கன்று கம்பிகளுக்குப் பின்னால் அடைபட்டதுபோல இருந்தது. தாயின் நிழலில் பத்திரமாக நிற்கும் குட்டியைக் கூண்டுக்குள் போட்டுவிட்டேனே என்று மனசே கேட்கவில்லை. மூன்றுக்கு இரண்டுக்குத் திரும்பிவந்தேன். இடதுபக்க யானையை முழுதாக வெட்டினேன். பாதி யானை எப்போதும் கண்ணை வெளியே இழுத்துக்கொண்டு போகும். வலதுபக்கம் கைவைக்கவில்லை, துதிக்கை புல்லைத் தொடும் வளைவு அங்கேதான் இருக்கிறது. அந்த மூலையில் இருக்கும் வானத்தை மட்டும் கொஞ்சம் இருட்டாக்கினேன்.

சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. படத்தைத் தலைகீழாகத் திருப்புங்கள், அல்லது கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்குங்கள். அப்போதும் கண் முதலில் கன்றிடம் போகிறதா என்று பாருங்கள். என் முதல் க்ராப்பில் வானத்துக்குப் போனது.

கன்றின் காதுக்குக் குறுக்கே ஒரு புல் தண்டு தெரிகிறது, பார்த்தீர்களா? ஒரு சொடுக்கில் அழித்துவிடலாம். அழிக்கவில்லை. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் வைல்ட்லைஃப் போட்டோகிராஃபர் ஆஃப் தி இயர் போட்டியிலும் வெட்டுவதற்கும் வெளிச்சம் சரிசெய்வதற்கும் அனுமதி உண்டு, படத்தில் இருக்கும் பொருளை நீக்கவோ புதிதாகச் சேர்க்கவோ கூடாது. போட்டி இல்லாவிட்டாலும் எனக்கு இதுதான் சரி. அந்தத் தண்டும் அன்றைக்கு அங்கே இருந்தது.

கறுப்பு வெள்ளையிலும் மாற்றிப் பார்த்தேன். யானைக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பதற்கு இயற்கை எழுத்தாளரும் புகைப்படக்காரருமான மா. கிருஷ்ணன் எடுத்த காட்டு யானைப் படங்களைத் தேடிப் பாருங்கள். வளர்ப்பு யானையின் முதுகில் உட்கார்ந்து காட்டுக்குள் போய்ப் படம் எடுத்தவர் அவர். நிறம் போனதும் தோலின் சுருக்கமும் உருவத்தின் ஓரமும்தான் பேசுகின்றன. இந்தப் படத்தில் மட்டும் நிறத்தை வைத்துக்கொண்டேன், கன்றின் தலைமயிரில் வெயில் பட்டுச் செம்பழுப்பாகத் தெரிவதை இழக்க மனம் வரவில்லை.

நேற்று மறுபடியும் திறந்து, அடிப்பக்கம் வெட்டியதில் கொஞ்சத்தைத் திரும்பக் கொடுத்தேன். இப்போது நீட்டிய காலின் நகங்கள் தெரிகின்றன. பக்கத்தில், வேரிலிருந்து உதிர்ந்த மண் இன்னும் தரையைத் தொடாமல் காற்றில் நிற்கிறது.