சிங்கிள், மாஸ்டர், கேலி

நேயர்களுக்கு வணக்கம்.

சென்னையில் 'சிங்கிள்' என்ற சொல்லுக்கு என்ன பொருள்? டீக்கடையில் அது ஒரு சாதா டீ. மாநகரப் பேருந்தின் ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் ஒரு வழிப் பயணம். மெரினா மணலில் மட்டை பிடிக்கிற பையனுக்கு ஒற்றை ஓட்டம். கல்லூரி மாணவர் சொன்னால், தனக்குக் காதல் எதுவும் இல்லை என்று அர்த்தம். நால்வரும் ஒரே தெருவில் நின்று பேசினாலும் குழப்பம் வராது. யார், எங்கே நின்று பேசுகிறார் என்பதே பொருளைக் காட்டிவிடும்.

'மாஸ்டர்' எனக்குப் பிடித்த சொல். டீ மாஸ்டர், பரோட்டா மாஸ்டர், தையல் கடையில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர், கோடம்பாக்கத்தில் டான்ஸ் மாஸ்டரும் ஸ்டண்ட் மாஸ்டரும். கைவேலையில் தேர்ந்தவருக்கு உடன் வேலை செய்கிறவர்கள் கொடுக்கிற பட்டம் இது. எந்தப் பல்கலைக்கழகப் பட்டத்துக்கும் இது குறைந்ததில்லை என்பேன்.

இப்படிப்பட்ட பேச்சைக் கொச்சை என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. நம் இலக்கணம் அப்படி ஒதுக்கவில்லை. பவணந்தி முனிவரின் நன்னூல் ஒரு குழுவினர் தங்களுக்குள் வழங்கும் இத்தகைய சொல்லைக் குழூஉக்குறி என்று பெயர் சொல்லி, தகுதி வழக்கில், அதாவது இயல்பான சொல்லுக்குப் பதிலாகத் தகுந்த வேறு சொல்லால் சொல்லும் வழக்கில், சேர்த்திருக்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும் அதற்கு வழக்கமாகக் காட்டும் உதாரணங்கள்.

எல்லாக் குழூஉக்குறியும் மறைத்துப் பேசுவதற்காகப் பிறந்ததில்லை. அவசரத்தில் பிறந்தவையும் நிறைய. கூட்டம் பிதுங்கும் பேருந்தில் நடத்துநர் முழு வாக்கியமா பேசிக்கொண்டிருக்க முடியும்? 'ஹோல்டான்' என்றால் வண்டி நிற்க வேண்டும், 'ரைட்' என்றால் கிளம்ப வேண்டும். அவ்வளவுதான்.

அப்புறம், அச்சகம். ஈய எழுத்துகளைக் கையால் கோத்த காலத்தில், 'கேலி வந்துவிட்டதா?' என்று யாராவது கேட்டால் ஒருவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோத்த வரிகளை அடுக்கி வைக்கும் நீளத் தட்டுக்குக் கேலி என்று பெயர். பக்கம் பிரிப்பதற்கு முன்னால், பிழை பார்ப்பதற்காக மை தடவி எடுக்கும் நீளமான அச்சுப்படி கேலி புரூஃப். கணினி வந்ததும் அந்தத் தட்டு போயிற்று; சொல்லும் கூடவே மங்கிவிட்டது. ஆனால் 'ஃபாரம்' பிழைத்துக்கொண்டது. இன்றும் பதிப்பாளரிடம் புத்தகம் எவ்வளவு பெரியது என்று கேட்டால் இத்தனை ஃபாரம் என்பார். ஒரு ஃபாரம் பெரும்பாலும் 16 பக்கம். ஈயம் போனாலும் பெரிய தாளில் அச்சடித்து மடிக்கிற வேலை அப்படியே இருக்கிறது, அதனால் அந்தச் சொல்லுக்கும் வேலை இருக்கிறது.

ஒரு தொழில் எப்படி நடந்தது என்பது இந்தச் சொற்களுக்குள் இருக்கிறது. அகராதிகளில் இவற்றில் பல ஏறவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அச்சுக் கோத்தவர், பேருந்து ஓட்டியவர், காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போனவர் இருந்தால் உட்கார்ந்து கேளுங்கள். சொல்லையும் பொருளையும் மட்டும் குறித்தால் போதாது. எந்த வேலையின் நடுவே, யார் யாரிடம் சொன்னார்கள் என்பதையும் சேர்த்து எழுதிவையுங்கள். முடிந்தால் அவர் குரலிலேயே பதிவு செய்யுங்கள்.

நன்றி, வணக்கம்.