வகுப்பில் சும்மா உட்கார முடியாது: நெகாமா லைபோவிட்ஸும் அவருடைய மாணவர்களும்

நேயர்களுக்கு வணக்கம்.

கல்லூரியில் பருவம் முடிகிற நேரத்தில் மாணவர்கள் கையில் ஒரு படிவம் கொடுக்கிறார்கள். ஆசிரியர் நேரத்துக்கு வந்தாரா, பாடம் புரிந்ததா, மதிப்பெண் போடுங்கள் என்கிறார்கள். கல்லூரிகளின் தரத்தை அளவிடும் நாக் அமைப்பின் மதிப்பீட்டிலும் மாணவர் கருத்துக்கு இடம் உண்டு. ஆசிரியர் பயிற்சி வகுப்புகளில் வெகுகாலம் வேலை பார்த்தவள் நான். பிள்ளைகள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரே ஆசிரியரைப் பற்றி ஒருவர் "என் கண்ணைத் திறந்தவர்" என்கிறார், இன்னொருவர் "எப்போதும் பயந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன்" என்கிறார். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள் என்றால் நாம் என்ன முடிவுக்கு வருவது? யூத மறைநூல் கல்வியில் பெரும் பெயர் பெற்ற ஒரு பேராசிரியரை வைத்து இதைப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். அவர் பெயர் நெகாமா லைபோவிட்ஸ்.

1905-இல் ரீகா நகரில் பிறந்தவர். பெர்லினில் வளர்ந்தார். மார்பர்க் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, அந்த 1930-ஆம் ஆண்டிலேயே எருசலேமுக்குக் குடிபெயர்ந்தார். விஞ்ஞானியும் சிந்தனையாளருமான யெஷாயாஹு லைபோவிட்ஸ் இவருடைய அண்ணன். பெண்களுக்கான ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் ஏறக்குறைய கால் நூற்றாண்டு பாடம் சொன்னார். 1957 முதல் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தில் கற்பித்து, 1968-இல் பேராசிரியரானார். இஸ்ரேல் வானொலியிலும் மறைநூல் பாடம் நடத்தியிருக்கிறார். 1956-இல் கல்விக்கான இஸ்ரேல் பரிசு கிடைத்தது. இத்தனைக்குப் பிறகும் "பேராசிரியர்" என்று யாராவது அழைத்தால் அவருக்குப் பிடிக்காது. மாணவர்கள் எல்லாரும் அவரை நெகாமா என்றே பெயர் சொல்லி அழைத்தார்கள்.

அவருடைய வகுப்பைப் பற்றி மாணவர்கள் சொல்லும் முதல் விஷயம், அங்கே வேடிக்கை பார்க்க முடியாது என்பது. ஒரு கேள்வி கேட்பார். கை தூக்கியவரிடம் பதில் வாங்கிக்கொண்டு மேலே போகிற வழக்கம் அவரிடம் இல்லை. எல்லாரும் எழுத வேண்டும். பழுப்பு நிறத் தொப்பியும் எளிய உடுப்புமாக அந்த அம்மாள் மேசைகளுக்கு இடையே நடந்து வருவார். குனிந்து ஒவ்வொரு நோட்டாகப் பார்ப்பார். சரி என்றால் சரி, இல்லை என்றால் இல்லை. தப்பாக எழுதியவர் மறுபடி யோசிக்க வேண்டும். முப்பது பேர் இருந்தால் முப்பது பேருக்கும் இதே கதிதான். நன்றாகப் பேசத் தெரிந்த நாலு பேர் வகுப்பை நடத்த, மற்றவர்கள் தலையாட்டுகிற கதை அங்கே எடுபடாது. பேசக் கூச்சப்படுகிறவர்களுக்கு இது பெரிய வரம். வாய் திறக்காமலே தன் பதில் சரிதான் என்று தெரிந்துகொள்ள முடிந்தது அல்லவா?

சரி, என்ன கேள்வி கேட்பார்? பதினோராம் நூற்றாண்டில் பிரான்ஸ் நாட்டின் த்ருவா நகரில் வாழ்ந்த ராஷி, யூத மறைநூலுக்கு உரை எழுதியவர்களில் முதன்மையானவர். 1040 முதல் 1105 வரை அவர் காலம். குறளைத் திறந்தால் பரிமேலழகர் கூடவே வருவதைப் போல, தோராவை, அதாவது யூத மறைநூலின் முதல் ஐந்து நூல்களை, திறக்கிற யூத மாணவனுக்கு ராஷி கூடவே வருவார். ராஷி என்ன சொன்னார் என்று பிள்ளைகள் காலங்காலமாக ஒப்பித்து வந்தார்கள். நெகாமா அதை விட்டுவிட்டு, "ராஷிக்கு இங்கே என்ன இடறுகிறது?" என்று கேட்டார். காரணமில்லாமல் உரைகாரர் வாய் திறக்க மாட்டார், மூலத்தில் ஏதோ ஒன்று அவரை நிறுத்தியிருக்கிறது, அதைக் கண்டுபிடி என்பது அவர் வைத்த வேலை. நம் ஊர்த் தமிழ் வகுப்பில் பரிமேலழகரை இப்படிக் கேட்டிருந்தால் எத்தனை பேருக்கு உரைநூல் மேல் ஆசை வந்திருக்கும் என்று நான் பல முறை ஏங்கியிருக்கிறேன்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். தோராவின் முதல் நூலான ஆதியாகமம், 24-ஆம் அதிகாரம். மகன் ஈசாக்குக்குப் பெண் பார்க்க ஆபிரகாம் தன் வேலைக்காரரை அனுப்புகிறார். கிணற்றடியில் ரெபெக்காள் வருகிறாள், அவருக்கும் ஒட்டகங்களுக்கும் தண்ணீர் வார்க்கிறாள். அவர் பொன் அணியையும் இரண்டு கடகங்களையும் எடுக்கிறார், அப்புறம்தான் "நீ யார் மகள்?" என்று கேட்கிறார். பிறகு பெண் வீட்டில் உட்கார்ந்து நடந்ததை எல்லாம் அவரே திருப்பிச் சொல்கிறார். சாதாரணமாகப் படிக்கிறவர், அதே கதைதானே மறுபடியும் என்று இந்த இடத்தைத் தாண்டிவிடுவார். நெகாமா தாண்ட விடமாட்டார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து என்னென்ன மாறியிருக்கிறது என்று எழுதச் சொல்வார். அப்போது தெரியும், வேலைக்காரர் வரிசையை மாற்றிவிட்டார். "யார் மகள் என்று கேட்டேன், பிறகு நகையைப் போட்டேன்" என்று சொல்கிறார். ஏன்? ராஷி சொல்லும் விளக்கம் இது: யாரென்றே தெரியாத பெண்ணுக்கு எப்படி நகை கொடுத்தாய் என்று வீட்டார் மடக்கிவிடக் கூடாது என்பதால் மாற்றிச் சொன்னார். பெண் கேட்கப் போன இடத்தில் ஒரு மனிதர் எத்தனை பக்குவமாகப் பேச வேண்டியிருக்கிறது! பல தடவை படித்த அதிகாரத்தில் அந்த மனிதர் திடீரென்று உயிரோடு எழுந்து நிற்கிறார். நெகாமாவின் மாணவர்கள் ஆயுசுக்கும் மறக்காமல் வைத்திருந்தது இப்படிப்பட்ட நிமிடங்களைத்தான்.

வகுப்புக்கு வர முடியாதவர்களையும் அவர் விடவில்லை. அவரிடம் படித்து முடித்த சில பெண்கள், ஊருக்குப் போன பிறகும் படிக்க வேண்டும், கேள்விகள் அனுப்புங்கள் என்று கேட்டார்கள். அப்படித்தான் 1942-இல் அந்த வேலை தொடங்கியது. யூதர்கள் அந்தந்த வாரம் வாசிக்கும் தோராப் பகுதிக்கு ஒரு தாள், அதில் கேள்விகள். கடினமான கேள்விக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி, மிகக் கடினமானதற்கு இரண்டு. பதில் எழுதித் தபாலில் போட்டால், சிவப்பு மையில் திருத்தி அவரே திருப்பி அனுப்புவார். கிப்பூட்ஸ் என்ற கூட்டுப் பண்ணைகளில் வேலை செய்தவர்கள், ராணுவத்தில் இருந்தவர்கள், வீட்டுப் பெண்கள், யூத மத குருமாரான ரபிகள் என்று எல்லாத் தரப்பிலிருந்தும் கடிதம் வந்தது. 1971 வரை புதிய தாள்கள் வெளியாகின. அதற்குப் பிறகும் வந்த பதில்களைத் திருத்திக்கொண்டே இருந்தார். 40,000 தாள்களுக்கு மேல் திருத்தினார் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஒரு தாளைத் திருத்த எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். இதற்கு மேல் அவருடைய அக்கறையைப் பற்றி நான் என்ன சொல்ல?

இனி குறைகளுக்கு வருகிறேன். அவற்றைச் சொன்னவர்களும் படிக்கிற ஆர்வம் உள்ளவர்கள்தான்.

கேள்வி கேட்கும்போதே பதிலை மனதில் வைத்துக்கொண்டு கேட்கிறார் என்பது ஒரு குறை. திறந்த கேள்வி போலத் தோன்றும், ஆனால் அவர் நினைத்த இடத்துக்கு நாம் போய்ச் சேராவிட்டால் "இல்லை" என்ற பதில்தான் வரும் என்றார்கள். இதில் நியாயம் இருக்கிறது. சரி, தப்பு என்று நோட்டைப் பார்த்தவுடன் சொல்லிவிட முடிகிற கேள்வியில், மாணவன் புதிதாக எதையும் கண்டு சொல்ல இடம் குறைவு. ஆனாலும் இந்த விஷயத்தில் நான் நெகாமா பக்கம் சாய்கிறேன். மூலத்தை ஒழுங்காகப் படிக்கவே பழகாதவனிடம் "உனக்கு என்ன தோன்றுகிறது?" என்று கேட்டால், மூலத்தில் இல்லாததெல்லாம் தோன்றும். முதலில் கண் பழக வேண்டும்.

வரலாறு பற்றிய குறையில் நான் மாணவர்கள் பக்கம். உரைகாரர்களில் ராஷி பதினோராம் நூற்றாண்டு, ராம்பான் பதின்மூன்றாம் நூற்றாண்டு, அபர்பனேலோ ஸ்பெயினிலிருந்து யூதர்கள் விரட்டப்பட்ட 1492-ஐக் கண்ணால் கண்டவர். இவர்கள் எல்லாரையும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார வைத்துப் பேச விடுவதுதான் நெகாமாவின் பாணி. கேட்க அழகாக இருக்கும். ஆனால் ஒவ்வொருவரும் எந்த ஊரில், யாருக்குப் பதில் சொல்ல, எந்தத் துயரத்தில் இருந்துகொண்டு எழுதினார் என்பது பின்னால் போய்விடுகிறது. அகழாய்வு, பண்டைய அண்டை நாட்டு நூல்கள் போன்றவற்றையும் அவர் வகுப்புக்குள் அதிகம் கொண்டுவரவில்லை. பல்கலைக்கழகத்தில் படித்த பிள்ளைகள் இதைக் கேட்டது தவறே இல்லை. நாடு விட்டுத் துரத்தப்பட்டவர் எழுதிய உரையை, அந்தத் துரத்தலை ஒதுக்கிவைத்துவிட்டுப் படித்தால் பாதிதான் கிடைக்கும்.

பெண் மாணவர்களில் சிலருக்கு வேறொரு ஏமாற்றம். ரபியாகப் போகிற ஆண்களுக்கும் ரபிகளுக்குமே பாடம் சொன்ன பெண் அவர். அந்தச் சமூகத்தில், அந்தக் காலத்தில், அது சாதாரண விஷயமா? ஆனால் பெண்ணுரிமைக்காகப் பேசுகிறவர் என்ற அடையாளத்தை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. வழிபாட்டில் பெண்கள் கேட்ட மாற்றங்களுக்கும் துணை நிற்கவில்லை. தங்களுக்காகவும் அவர் வாய் திறந்திருக்கலாம் என்று அந்த மாணவிகள் வருந்தியதை என்னால் முழுமையாகப் புரிந்துகொள்ள முடிகிறது. அவர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனதே அவர்களுக்கு வழி காட்டியது என்பதும் உண்மை.

பயமாக இருந்தது, விடமாட்டார், மழுப்ப முடியாது என்று ஒரு பக்கம். ஒவ்வொருவர் நோட்டையும் பார்த்தார், என்னை நம்பினார், தபாலில்கூடத் திருத்தினார் என்று இன்னொரு பக்கம். புகழ்ந்தவர்களும் குறை சொன்னவர்களும் ஒரே பழக்கத்தைத்தான் வேறு வேறு இடத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். மாணவர் படிவத்தைக் கையில் வாங்குகிற நிர்வாகிகளுக்கு என் வேண்டுகோள் இதுதான். "உங்களுக்குப் பிடித்ததா?" என்ற கேள்விக்குப் பக்கத்தில் "இந்த வகுப்பில் நீங்களே என்ன செய்தீர்கள், எத்தனை முறை எழுதினீர்கள், யார் அதைப் படித்தார்?" என்றும் கேளுங்கள். அந்தப் பதில்கள் வந்தால், ஒரு மாணவர் ஏன் பயந்தார் என்பதும் விளங்கும்.

நெகாமா 1997-இல் காலமானார். அவருடைய தாள்கள் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. அவருடைய முறையில் ஒரு வேலையை உங்களுக்கும் கொடுத்துவிட்டுப் போகிறேன். ஆதியாகமம் 39-ஆம் அதிகாரம். யோசேப்பு வேலை செய்த வீட்டின் எஜமானர் போத்திபார். அவருடைய மனைவி யோசேப்பின் மேல் பழி போடுகிறாள். 14, 15-ஆம் வசனங்களில் வீட்டு வேலைக்காரர்களிடம் சொல்கிறாள், 17, 18-ஆம் வசனங்களில் கணவனிடம் சொல்கிறாள். இரண்டையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். யோசேப்பை யாரிடம் எப்படிக் குறிப்பிடுகிறாள், யார் மேல் குற்றம் சாட்டுகிறாள், ஏன் மாற்றுகிறாள்? பேனாவை எடுத்து எழுதிப் பாருங்கள். வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் தனியாக எழுதச் சொல்லி, பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வணக்கம்.