மூன்று நாள் தண்ணீர் குடிக்காத மிமி

(திரையில்: பாரிஸின் பழைய வரைபடம். லத்தீன் குவார்ட்டர் பகுதி வட்டமிடப்படுகிறது.)

வணக்கம். இன்றைய படம் ‘லா போயெம்’. 1926இல் வெளிவந்த அமெரிக்க மௌனப் படம். இயக்கியவர் கிங் விடோர்.

கடுங்குளிர். மாடி அறையில் நான்கு நண்பர்கள்: எழுத்தாளன், ஓவியன், இசைக்கலைஞன், தத்துவம் பேசுபவன். வாடகை நாள் வந்துவிட்டது. நான்கு பேர் சட்டைப்பையும் காலி. அதே கட்டடத்தில் துணி தைத்துப் பிழைக்கிறாள் மிமி.

பிரெஞ்சு எழுத்தாளர் ஆன்ரி மூர்ஜே எழுதிய கதை இது. 1896இல் இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினி இதை ஓபராவாக, அதாவது பாட்டாலேயே நடக்கும் நாடகமாக, ஆக்கிய பிறகு, கதையைச் சொன்னாலே பாட்டுதான் நினைவுக்கு வரும். படத்துக்கோ புச்சினியின் இசை கிடைக்கவில்லை. மௌனப் படம் ஓடும்போது திரையரங்கில் வாசிக்க வேறு இசை எழுதிக்கொண்டார்கள்.

(திரையில்: மெழுகுவர்த்தி வெளிச்சம், ஊசி, நூல்.)

எழுத்தாளன் ரோடால்ஃபின் கட்டுரைகளைப் பத்திரிகைக்கு எடுத்துச் செல்பவள் அவன் காதலி மிமிதான். இனி அவன் எழுத வேண்டாம் என்று ஆசிரியர் சொல்லிவிடுகிறார். அதைப் பற்றி அவள் வீட்டில் மூச்சுவிடவில்லை. இரவெல்லாம் தைத்து, அந்தக் காசைக் கட்டுரைக்கு வந்த பணம் என்று நீட்டுகிறாள். அவன் நிம்மதியாக நாடகம் எழுதுகிறான். வறுமையில் வாடும் கலைஞர்களின் படம் என்று இதைச் சொல்வார்கள். எனக்கென்னவோ, வாடுவது தையல்காரி மட்டும்தான் என்று படுகிறது.

மிமியாக நடித்தவர் லிலியன் கிஷ், ரோடால்ஃபாக ஜான் கில்பர்ட். காதலர்கள் முத்தமிடாமல் இருந்தால்தான் ஏக்கம் கூடும் என்றார் கிஷ். ஸ்டூடியோ கேட்கவில்லை, காதல் காட்சிகளைத் திரும்ப எடுக்கவைத்தது. இதில் நான் கிஷ் பக்கம்.

கடைசிப் பகுதியைத் தவறவிடாதீர்கள். காசநோய் முற்றிய மிமி, ரோடால்ஃபைப் பார்க்க நகரத்தைக் கடந்து வருகிறாள். நடக்க முடியவில்லை; ஓடும் வண்டியின் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டு கல் பாவிய தெருவில் இழுபட்டு வருகிறாள்.

(திரையில்: கட்டிலில் மிமியின் முகம், மிக அருகில்.)

இந்த மரணக் காட்சிக்காக கிஷ் மருத்துவமனைக்குப் போய்க் காசநோயாளிகளைப் பார்த்துவந்தார். மூன்று நாள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. எச்சில் ஊறாதிருக்க வாயில் பஞ்சு. உதடுகள் வெடித்து, கண்கள் குழிவிழுந்துதான் படப்பிடிப்புக்கு வந்தார்.

கேமரா ஓடியது. அவருடைய மூச்சு நின்றதுபோல் இருந்தது, இமைகூட அசையவில்லை. உண்மையாகவே இறந்துவிட்டாரோ என்று பயந்துபோனதாகப் பின்னாளில் எழுதினார் விடோர். காட்சி முடிந்தும் கிஷ் அப்படியே கிடந்தார். கில்பர்ட் குனிந்து மெல்லப் பெயர் சொல்லி அழைத்த பிறகுதான் கண் திறந்தார்.