தகரத்தைத் தூக்கி வைத்தவர்

நேயர்களுக்கு வணக்கம். உச்சி வெயிலில் தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்து பாடம் கேட்டவர்களுக்கு, நான் இன்று பேசப்போகும் மனிதரை எளிதில் புரிந்துவிடும்.

கட்டடக்கலைஞர் பிரான்சிஸ் கெரே. மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாசோ நாட்டில், காண்டோ என்ற சிற்றூரின் தலைவருக்கு மூத்த மகன். ஊரில் பள்ளிக்கூடம் கிடையாது. ஏழு வயதிலேயே வீட்டை விட்டு வேறு ஊருக்குப் போனார். அங்கே ஒரே வகுப்பறையில் நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள்; சிமெண்ட் சுவர், கொதிக்கும் வெக்கை. அந்த வெக்கையை அவர் மறக்கவே இல்லை.

தச்சுவேலை படிக்க 1985இல் ஜெர்மனிக்குப் போனவர், பின்னர் பெர்லினில் கட்டடக்கலை படித்தார். பட்டம் வாங்கியது 2004இல். ஆனால் நண்பர்களிடம் நிதி திரட்டி அவர் கட்டிய காண்டோ பள்ளி 2001லேயே எழுந்துவிட்டது! மாணவராக இருந்தபோது கட்டிய அந்தப் பள்ளிக்குத்தான் 2004இல் கட்டடக்கலைக்கான ஆகா கான் விருது.

மண்ணால் கட்டப்போகிறேன் என்றதும் ஊரார் திகைத்தார்கள். மழைக்காலம் வந்தால் மண்சுவர் கரையும் என்பது அவர்கள் கண்டு சலித்த உண்மை. ஜெர்மனிக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தவன் மறுபடியும் மண்ணையா நீட்டுவது? கெரே அந்த மண்ணோடு கொஞ்சம் சிமெண்டைக் கலந்து, அழுத்திக் கல்லாக அறுத்துக் காட்டினார். பிள்ளைகள் அஸ்திவாரத்துக்குக் கல் பொறுக்கி வந்தார்கள். பெண்கள் தண்ணீர் சுமந்தார்கள்.

கூரைதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். மண்கல்லால் ஒரு மேல்தளம் போட்டு, அதில் இடைவெளிகள் விட்டார். தகரத்தை அதன்மேல் படியவிடாமல், மெல்லிய இரும்புக் கம்பிகளைப் பற்றவைத்த சட்டத்தில் உயரே தூக்கி நிறுத்தினார். வகுப்பறையின் சூடான காற்று இடைவெளி வழியே மேலேறி வெளியே போகிறது. ஜன்னல் வழியே புதுக்காற்று உள்ளே வருகிறது. மின்விசிறி வேண்டியதில்லை. அப்போது மின்சாரமே இல்லாத ஊர் அது.

2022இல், கட்டடக்கலையின் மிக உயரிய விருதாகக் கருதப்படும் பிரிட்ஸ்கர் விருது. ஆப்பிரிக்கர் ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதல்முறை. உலகச் செய்தி, சரி, இருக்கட்டும். நான் சொல்ல நினைப்பது பானைக் கதை.

காண்டோவில் நூலகம் கட்டும்போது, ஊர்ப் பெண்கள் கையால் வனைந்த பானைகளைக் கொண்டுவரச் சொன்னார். அவற்றை அறுத்து, அடியும் வாயும் திறந்த வளையங்களாக்கி, காங்கிரீட் போடும்போது கூரையில் பதித்தார்கள். வெளிச்சம் அந்த வாய்களின் வழியே வட்டம் வட்டமாக இறங்கும். வெக்கை அதே வழியில் வெளியேறும்.