நெத்திலிக்கு முதுகைக் காட்டி குந்தின கதை

எல்லாருக்கும் வணக்கம். நான் தண்டையார்பேட்டையில பிளவுஸ் தைக்கிற டைலரு, டாக்டரும் இல்ல நாய் டிரெய்னரும் இல்ல, போன வருஷம் ஒரு பொட்டை நாயை வீட்டுக்குக் கூட்டினு வந்து பட்ட பாட்டை எங்கயோ கேட்டுட்டு, வந்து பேசும்மான்னு கூப்ட்டாங்க, வந்துட்டேன்.

கொருக்குப்பேட்டை பக்கம் பூட்டிக் கெடந்த ஒரு குடோன் வாசல்ல யாரோ அத கம்பியால கட்டிப் போட்டுட்டுப் போய்ட்டாங்க. கழுத்த கம்பி அறுத்து ஒரே சீழு. எங்க தெரு பசங்க ரெண்டு பேரு கட்டிங் பிளேயரோட போய் கம்பியை வெட்டி, ஆட்டோல போட்டு வேப்பேரி வெட்னரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போனாங்க. புண்ணு ஆறிடுச்சி, ஆனா வெச்சிக்க ஆளில்ல, நான் வெச்சிக்கறேன்னு வாயை வுட்டுட்டேன். எலும்பும் தோலுமா இருந்துச்சா, நெத்திலின்னு பேரு வெச்சோம்.

வந்து ஒரு வாரம் தையல் மெஷினுக்கு அடியில இருந்து வெளிய வரல. நைட்டு எல்லாரும் தூங்கினப்பறம் சாப்புடும், அவ்ளோதான். பாவமா இருக்கேன்னு நான் கையை உள்ள வுட்டு தடவப் போனேன். உறுமிச்சி. ச்சூ-ன்னு அதட்டிட்டு இன்னும் உள்ள வுட்டேன், லபக்குனு புடிச்சிடுச்சி. குழாயைத் தொறந்து வுட்டு சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன், அன்னைக்கு ஒண்ணு, அப்பறம் 3, 7, 28-ஆம் நாளுன்னு ஊசி. இதுல நாய் மேல ஒரு தப்பும் இல்ல. உறுமறதுன்னா கிட்ட வராதன்னு அது வாய்விட்டு சொல்லுதுன்னு அர்த்தம். அத அதட்டி அடக்கினா பயம் அப்டியே இருக்கும், சொல்றத மட்டும் வுட்டுடும், அடுத்த தடவை சொல்லாம கொள்ளாம கடிக்கும்.

அப்பறம் வேப்பேரி டாக்டரம்மா ஒண்ணு சொன்னாங்க, அதத்தான் இன்னைக்கும் புடிச்சினு இருக்கேன். நீ அதுங்கிட்ட போகாத, அது உங்கிட்ட வர்ற வரைக்கும் விடு, கண்ணைப் பாக்காத, நேரா நிக்காத, சைடுல குந்து, முதுகைக் காட்டினா இன்னும் நல்லதுன்னாங்க. சரின்னு தெனம் சாயந்தரம் அரை அவர் தரையில முதுகைக் காட்டி உக்காந்து ஊக்கு கட்டுவேன். எதிர் வீட்டு ஆயா எட்டிப் பாத்துட்டு, "இன்னாடி, நாயிக்கு முதுகைக் காட்டினு குந்தினு கீற, சாமியாராயிட்டியா?"ன்னுச்சி. பதினோராம் நாளு என் பொறங்கழுத்துல ஈரமா ஒரு மூக்கு பட்டுச்சி பாருங்க, திரும்பிப் பாக்கக்கூடாதுன்னு பல்லைக் கடிச்சினு இருந்தேன், கண்ணுல தண்ணி வந்துடுச்சி.

கோழி ஈரலை வேக வெச்சி பொடிசா வெட்டி வெச்சிக்குவேன், உப்பு கூடாது, வெங்காயம் சுத்தமா கூடாது, அது நாயோட ரத்தத்தைக் கெடுக்கும். எல்லாரும் கையில தீனிய வெச்சி வா வா-ன்னு கூப்புடுவாங்க, நான் அதுக்கு பின்னாடி தூக்கிப் போடுவேன். பயமும் பசியும் ஒண்ணா இழுத்தா நாய் மாட்டிக்கும், ஈரலுக்காக கிட்ட வந்துட்டு, வாயில போட்டப்பறம்தான் அய்யோ ஆளு பக்கத்துல கீதேன்னு மெர்சலாயிடும். பின்னாடி போட்டா தள்ளிப் போய் தின்னுட்டு, தானா இன்னும் ஒரு அடி கிட்ட வரும். போலாம்னு தெரிஞ்சாத்தான் வரும்ங்க, மாமியார் வீட்டுக்கு வந்த பொண்ணும் அப்டித்தானே.

மூணு நாளு, மூணு வாரம், மூணு மாசத்துல பழகிடும்னு ஒரு கணக்கு சொல்றாங்க. எங்க நெத்திலிக்கு யாரும் அந்தக் கணக்கை சொல்லிக் குடுக்கல போல.

பெரிய பேஜாரு சாவு மேளம்தான். நம்ம ஏரியாவப் பத்தி உங்களுக்கு சொல்லணுமா, ஒரு சாவு வுழுந்தா பறை, டான்ஸு, தெரு முழுக்க பட்டாசு, இது மூத்தரம் வுட்டுட்டு செவுத்தைப் பிராண்டும். அதுக்கு போன்ல பறை சவுண்டை ரொம்ப கம்மியா, காதுக்கு எட்டியும் எட்டாம வெச்சேன். சவுண்டு மொதல்ல, ஈரல் அப்பறம், இந்த ஆர்டர் மாறவே கூடாது. நான் மொதல்ல மாத்திப் பண்ணிட்டேன், ஈரலைக் குடுத்துட்டு சவுண்டைப் போட்டேனா, நாலே நாள்ல ஈரலைப் பாத்தாலே ஓட ஆரம்பிச்சிடுச்சி, ஐயோ ஏதோ வரப்போவுதுன்னு. ஒரு வாரம் எல்லாத்தையும் நிறுத்திட்டு திரும்ப சரியா ஆரம்பிச்சேன். சவுண்டை ஒரு புள்ளி ஏத்தினதும் அது சாப்புடலன்னா ரெண்டு புள்ளி எறக்கிடணும், இதுல ரோஷப்படக் கூடாது. நாலு மாசம் ஆச்சி. இப்ப நெஜ மேளம் வந்தா கட்டிலுக்கு அடியில போய்டுது, ஆனா அங்க இருந்தபடியே மூஞ்சை நீட்டி எங்க ஈரல்-ன்னு பாக்குது.

கழுத்துல பெல்ட்டு போட முடியாது, அந்தத் தழும்பைத் தொட்டாலே ஒடம்பு வெறச்சிக்கும். லைனிங் துணி மீந்ததுல நெஞ்சைச் சுத்தி வர்ற மாதிரி பட்டி நானே தெச்சேன், மூணு தடவை பிரிச்சித் தெச்சேன், கஸ்டமரு பிளவுஸுக்குக்கூட அவ்ளோ அளவு எடுத்ததில்ல. தொடப்பத்துக்கும் கையில தூக்கின செருப்புக்கும் இன்னும் பயம்தான், அதனால நாங்க அது கொல்லைப் பக்கம் போனப்பதான் பெருக்குறோம், இன்னா இப்ப.

அடுத்த மாசம் வருஷாந்தர ரேபிஸ் ஊசி போடணும். அதுக்காக வாய்க்கு மாட்டுற கூடை ஒண்ணு பழக்கினு இருக்கேன், மூச்சு வுடலாம், தண்ணி குடிக்கலாம், அந்த மாதிரி கூடை. உள்ள தயிரைத் தடவி நீட்டுவேன், அதுவா மூஞ்சை வுட்டு நக்கும், வேணான்னா மூஞ்சை வெளிய எடுத்துக்கும், வாரை நான் இன்னும் மாட்டவே இல்ல. நேத்து வரைக்கும் எட்டு செகண்டு.